அன்றாடத் தேநீருக்கு ஏற்ற தேயிலை

மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைக் குறைக்க முற்படும் குடும்பஸ்தர் முதலில் கை வைப்பது தேயிலையின்மீதுதான். நானும் அவ்வாறு செய்தவனே. டில்லிச் சந்தையொன்றில் சாக்கில் குவித்து, நிறுத்து விற்ற தேயிலையை, மலிவாயிற்றே என்று ஒரு கிலோ வாங்கிவந்தேன். நிறம் பிரமாதமாக இறங்கியது. மணமும் ருசியும் மட்டும் இல்லை. ஐயுற்று, வடிதாள் ஒன்றில் சிறிது தேயிலையைப் பரப்பி, நீர் தெளித்துச் சற்றுப் பொறுத்து, தூளை அகற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாள் முழுவதும் பழுப்புக் கறை! தூய தேயிலை இவ்வாறு உடனே சாயம் விடுவதில்லை. ஒரு முறை காய்ச்சிய சக்கையை உலர்த்திச் சாயமேற்றி விற்கும் தீய வழக்கம் உண்டென்பதும், தேயிலையில் சாயம் சேர்ப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது என்பதும் அதன் பின்னரே எனக்குத் தெரியவந்தன.

நாம் பாலிட்டு அருந்துவது பெரும்பாலும் சி.டி.சி. என்னும் வகையாகும். 1930-ஆம் ஆண்டையொட்டி அஸ்ஸாமில் தோன்றிய முறை இது. வாடவைத்த கொழுந்தைப் பல்லுள்ள உருளைகளுக்கு இடையே செலுத்தி நசுக்கி, கிழித்து, சுருட்டுவார்கள். சாறு வெளிப்பட்டுப் பிராணவாயுவுடன் விரைவில் கலப்பதால், உலர்ந்த பின் கிடைக்கும் சிறு மணிகள் சட்டென்று நிறமும் கடுமையும் தருகின்றன. பழைய முறையில் உருட்டித் தயாரிக்கும் டார்ஜிலிங் போன்ற இலைத் தேயிலையின் மென்மணத்தைப் பால் மூழ்கடித்துவிடும். பால் விட்டு அருந்துவோர் அதற்கு மிகுவிலை கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

‘டஸ்ட்’ என்றொரு தரம் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் ஒரு சமயம் இதனைத் ‘தூசி’ என்று பெயர்த்து, மேலதிகாரியின் புன்னகைக்கு ஆளானேன். அது கூட்டிப் பெருக்கிய குப்பையன்று. சல்லடையில் சலிக்கும்போது பிரியும் மிகச் சிறிய துகள். தரப்பெயர்கள் குறிப்பது துகளின் அளவையே, உயர்வு தாழ்வையன்று. தென்னாட்டார் விரும்பும் இந்தத் தூள் சிறிதளவே போட்டாலும் நன்றாக இறங்கும்; ஆனால் நெடுநேரம் கொதித்தால் துவர்த்துவிடும்.

அஸ்ஸாம் தேயிலைக்குக் கனமும் செந்நிறமும், நீலகிரித் தேயிலைக்குத் தெளிவும் நறுமணமும் இயல்பு. அஸ்ஸாம் மணி இரு பங்கும் நீலகிரித் தூள் ஒரு பங்குமாக நாங்களே கலந்துகொள்கிறோம். கடையில் கிடைக்கும் விலையுயர்ந்த கலவைகளுக்கு இது சற்றும் இளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. கோப்பை ஒன்றுக்கு 2 கிராம் என்று கொண்டால், கிலோவுக்கு 500 கோப்பை. ஆகவே கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் கோப்பைக்கு ஏறுவது 20 காசுதான். அதில் விடும் பாலும் சர்க்கரையும் அதனினும் மிகுந்த செலவு! இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருந்தால் சாக்குத் தேயிலையை நாடியிருக்க மாட்டேன்.

சிப்பம் கட்டிய தேதியைப் பார்த்து, கால் கிலோவாக வாங்குவது நலம். தேயிலை ஈரத்தையும் அயல் மணத்தையும் எளிதில் ஈர்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுத் தேயிலை டப்பா நெடுநாள் அஞ்சறைப் பெட்டியின் அருகிலேயே இருந்தது. பெருங்காயம் கமழ்ந்த தேநீரை விருந்தினர் ஒருவர் பொறுமையுடன் பருகி முடித்த அன்றுதான் அது மேலலமாரிக்கு இடம் மாறிற்று.