சுண்ணாம்பும் பாலர் கண்களும்

தாம்பூலத்துக்குரிய சுண்ணாம்பு நம் தேசத்தில் சிறு குழந்தைகளின் கண்களைக் கெடுத்து வருகிறதென்பதை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் பொட்டலங்களில் அடைத்த சுண்ணாம்பு பெட்டிக்கடைகளில் விற்கப்படுகிறது. குழந்தை அதை விளையாட்டுச் சாமானென்றெண்ணி அமுக்குகிறது. பொட்டலம் வெடித்து, உள்ளிருப்பது நேரே கண்ணில் பாய்கிறது. டில்லியிலும் ஹைதராபாத்திலுமுள்ள கண் வைத்தியர்கள் இவ்விபத்தைக் குறித்து எழுதி எச்சரித்திருக்கின்றனர். வைத்தியர் எழுதுவதை வைத்தியரே படிக்கின்றனர். சுண்ணாம்பு வாங்குவோர் படிப்பதில்லை.

திராவகம் கண்ணில் பட்டால் மேற்புறத்திலுள்ள புரதம் உறைந்து, அவ்வுறைவே ஓரளவு தடையாக நிற்கும். சுண்ணாம்பு முதலிய காரப் பொருள்களின் தன்மை வேறு. அவை உயிரணுக்களின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டு ஆழ இறங்கும். கருவிழியின் விளிம்பில், தேய்ந்துபோகும் மேற்படலத்தை ஓயாமல் புதுப்பித்துத் தரும் மூல அணுக்கள் இருக்கின்றன. இவை வெந்து அழிந்தால், வெண்விழியின் தோலும் இரத்தக் குழாய்களும் படர்ந்து கருவிழியை மூடிவிடும். அதன்பின் இறந்தவர் தானமளித்த கருவிழியை மட்டும் வைத்துத் தைத்தாலும் அது நெடுநாள் தெளிவாக நிலைப்பதரிது.

ஆகவே முதற் சிகிச்சை வீட்டிலேயே, அந்த நிமிஷத்திலேயே நடந்தாக வேண்டும். அது தண்ணீர்தான். இமைகளை விலக்கி, சுத்தமான நீரை அரைமணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகே வண்டியைத் தேட வேண்டும். சுட்ட கிளிஞ்சலில் நீர் பட்டால் கொதிப்பதைக் கண்டவர்கள் இதற்கு அஞ்சக் கூடும். வெற்றிலைச் சுண்ணாம்போ முன்னரே நீற்றப்பட்டது. அதற்கு அவ்வச்சம் வேண்டியதில்லை. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் தேடி வீணாக்கும் நேரத்தில் கண் வெந்துகொண்டிருக்கும்.

தாயிடமிருந்து பெறத்தக்க மருந்து வேறொன்று உண்டு. கருவிலுள்ள சிசுவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்தின் சவ்வே அது. பிரசவமானதும் நஞ்சுக்கொடியுடன் இதை எறிந்துவிடுவது வழக்கம். மெல்லியதும் இரத்தக் குழாய்களற்றதுமான இச்சவ்வு, புண்பட்ட கண்ணின்மேல் போர்த்தப்படும்போது அழற்சியைத் தணித்து, தழும்பைக் குறைத்து, புதிய அணுக்கள் ஊர்ந்து படரத் தளமாகிறது. 1946ம் வருஷத்திலேயே லண்டனில் ஸார்ஸ்பி, ஸைமன்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் காரத்தால் வெந்த கண்களுக்கு இதைப் பயன்படுத்தி எழுதினர். அதன்பின் உலகம் இதை ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1995ல் கிம், ஸெங் என்போர் முயல்களின் கண்ணில் சோதித்துக் காட்டிய பிறகே இச்சிகிச்சை மீண்டும் தலையெடுத்தது. விலையற்ற பொருளுக்கு வக்காலத்து வாங்குவோர் கிடைப்பது கடினம் போலும்!

இதை ஸர்வரோக நிவாரணியென்று நாம் கூற முன்வரவில்லை. டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தார் 2011ல் வெளியிட்ட பரிசோதனையில், நடுத்தரமாக வெந்த கண்களில் மேற்படலம் விரைவில் மூடிற்று. ஆயினும் முடிவான பார்வையில் திட்டமான மேன்மை தென்படவில்லை. சாட்சியம் எவ்வளவோ அவ்வளவே தீர்ப்பு.

ஆனால் மூல அணுக்கள் அழிந்துபோன கண்ணில் இச்சவ்வு வேறொரு விதத்தில் உதவுகிறது. ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் வீரேந்தர் ஸங்வானும் சகாக்களும் 2012ல் வெளியிட்ட முறை நாம் பெருமைப்படத் தக்கது. நோயாளியின் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கை எடுத்து, அதைப் பல நுண்துகள்களாக நறுக்கி, கெட்ட கண்ணின்மேல் ஒட்டிய பனிக்குடச் சவ்வில் விதைபோலத் தூவுகின்றனர். துகள்களிலிருந்து அணுக்கள் முளைத்துக் கருவிழியை மூடுகின்றன. மேனாடுகளில் இதே அணுக்களைப் பெருஞ்செலவில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். இம்முறைக்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை. இரு கண்களும் கெட்டவர்க்கு மட்டும் இது பயன்படாது.

சவ்வுக்குப் பஞ்சமில்லை. தாயின் சம்மதம் பெற்று, அவளது இரத்தத்தைத் தொற்றுநோய்களுக்காகச் சோதித்து, சிசேரியன் பிரசவத்தில் சுத்தமாக எடுத்துக் கடுங்குளிரில் வைத்தால் பல மாதங்கள் கெடாது. பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகள் கண் ஆஸ்பத்திரிகளுடன் சேர்ந்து இதைச் சேமிக்க வேண்டும். எனினும் கண் வெந்தபின் செய்வது இரண்டாந்தரமே. அமுக்கினால் வெடிக்கும் பொட்டலத்தில் சுண்ணாம்பை விற்கலாகாதென்றும், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு டப்பியின் மீதும் ‘கண்ணில் பட்டால் உடனே நீரால் கழுவுக’ என்று தமிழில் அச்சிட வேண்டுமென்றும் சர்க்கார் விதி செய்ய வேண்டும். சட்டசபை அங்கத்தினர்களிடம் நம் நேயர்கள் இதைக் கேட்கட்டும்.