உளுந்தூர்பேட்டையில் ஏன் நிறுத்துகிறேன்

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஃபுல் சார்ஜ்ல எவ்வளவு தூரம் ஓடும்?" ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி போதும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்புகிறவர் கேட்க வேண்டியது வேறு. நான் போய் நிற்கிற சார்ஜர் வேலை செய்யலன்னா, அடுத்த சார்ஜர் வரைக்கும் போக பேட்டரியில் மிச்சம் இருக்குமா? நான் போடும் திட்டம் முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் என் காரின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி 45 யூனிட். வீட்டு ஈ.பி. மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். நான்கு பேர், ஏசி, பெட்டி படுக்கையோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆக முழு பேட்டரிக்கு சுமார் 290. கம்பெனி விளம்பரத்தில் இருக்கும் எண் இதைவிட ரொம்பப் பெரியது. அது பொய்யில்லை, சோதனைக்கூடத்து எண். அந்தச் சோதனையின் உச்ச வேகமே 90தான், பெரும்பகுதி அதைவிட மெதுவாகவே ஓடும். உங்கள் காரில் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்து வரும்.

இப்போது சாலை. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை ஏறக்குறைய 200 கிலோமீட்டர், பெரம்பலூர் 270, திருச்சி 330, மதுரை 460, திருநெல்வேலி 620. 290 ஓடும் என்றால் பெரம்பலூர் வரை ஒரே மூச்சில் போகலாமே என்று தோன்றும். போகலாம்தான். போய்ச் சேரும்போது பேட்டரியில் 8 சதவீதம் இருக்கும். அங்கே சார்ஜர் பழுது என்றாலோ, கரண்ட் இல்லை என்றாலோ, அந்த 8 சதவீதத்தை வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போக முடியாது. பின்சீட்டில் வயதான அம்மா, மாத்திரைக்கு முன்னால் சாப்பிட வேண்டிய நேரம், பைபாஸ் வெயில். இது சாகசம் இல்லை, வேண்டாத வேலை.

உளுந்தூர்பேட்டை பக்கம் நிறுத்தினால் 32 சதவீதம் மிச்சம். அதாவது இன்னும் 90 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அங்கே சார்ஜர் கைவிட்டாலும் 70 கிலோமீட்டர் தள்ளி பெரம்பலூர் கைக்கு எட்டுகிறது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் டிபன் நேரத்துக்குச் சரியாகவும் இருக்கும்.

இதே இடத்தில் வேகத்தின் விலையையும் பார்த்துவிடலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறுகிறது. டயர் உராய்வு, ஏசி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆறரை கிலோமீட்டர் ஐந்தே முக்காலாகிவிடும். உளுந்தூர்பேட்டைக்கு வரும்போது 32-க்குப் பதில் 23 சதவீதம். அது 60 கிலோமீட்டர்கூட வராது. பெரம்பலூர் கையைவிட்டுப் போச்சு! முழு தூரமும் அதே வேகத்தில் போக முடிந்தாலும் மிச்சமாவது 13 நிமிடம். அதிலும் பாதி சார்ஜ் போடுவதில் போய்விடும்.

எவ்வளவு ஏற்றுவது? 80 சதவீதத்தோடு துப்பாக்கியைக் கழற்றிவிடுவேன். டவுன் பஸ்ஸில் ஆள் ஏறுவதுபோலத்தான் இது. காலி பஸ்ஸில் ஓடி வந்து உட்காரலாம், நிறைந்த பஸ்ஸில் இடுக்கில் நுழைய நேரமாகும். பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்டேஜ் உச்சவரம்பைத் தொடுகிறது, அதன்பின் கரண்டைக் குறைத்தால்தான் செல்களுக்குச் சேதமில்லை. 32-லிருந்து 80 வரை அரைமணி நேரத்தில் ஏறுவது, கடைசி 20 சதவீதத்துக்கு அதே நேரத்தைக் கேட்கும்.

80-உடன் கிளம்பினால் அடுத்த நிறுத்தம் 160 கிலோமீட்டரில் விராலிமலை பக்கம். 25 சதவீதத்தோடு சேரலாம், ஏமாற்றினால் துவரங்குறிச்சி 30 கிலோமீட்டர். மறுபடி 80. அடுத்து மதுரை ஊருக்குள் போகாமல் விருதுநகர், மதியச் சாப்பாடு. (எண்ணெய் பரோட்டா எனக்கு மட்டும்.) அங்கே 80 வரை உட்கார வேண்டியதில்லை. மீதி 110 கிலோமீட்டருக்கு 38 சதவீதம் போதும், 60-ல் எடுத்துவிடலாம். ஆடி மாதமாக இருந்தால் 65. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றைப் பார்த்தாலே காரணம் புரியும்.

இத்தனை கணக்கையும் கவிழ்க்கக்கூடியது வரிசை. நெடுஞ்சாலையில் பல இடங்களில் 60 கிலோவாட் மெஷின் ஒன்று, அதில் இரண்டு துப்பாக்கி. பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டினால் ஆளுக்கு 30தான். அரைமணி வேலை முக்கால் மணியைத் தாண்டும். பொங்கலுக்கு முதல் நாள் மூன்றாவது ஆளாகப் போய் நின்றால் சொல்லவே வேண்டாம். அதனால் ஒற்றை மெஷின் உள்ள அழகான ஓட்டலைவிட, மூன்று நான்கு மெஷின் உள்ள சுமாரான இடம் எனக்கு மேல். ப்ளக்‌ஷேர் ஆப்பில் சார்ஜரின் படத்தைவிட, கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாக சார்ஜ் போட்டார் என்பதைத்தான் பார்ப்பேன். ஒரு வாரமாக யாரும் எழுதாத இடத்தை நம்பி 15 சதவீதத்தோடு போகமாட்டேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆப், தனி வாலட். இதையெல்லாம் முதல்நாள் இரவே வீட்டு வைஃபையில் திறந்து பணம் போட்டுவிடுவது நல்லது. ஓ.டி.பி. வராத இடத்தில் சார்ஜர் இருந்தும் இல்லாததுதான்.

திருநெல்வேலி சேர்ந்தபின் அவசரமில்லை. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இரவு பத்து மணி நேரம் மாட்டினால் 30 யூனிட் ஏறிவிடும். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே மாமாவுக்குப் போன் போட்டு, "அந்த மோட்டார் ரூம் பிளக்க ஒரு எலக்ட்ரீஷியன வச்சு எர்த் பாத்துருங்க மாமா" என்று சொல்லிவிடுவேன்.