பூசணம் பூப்பதில்லை

மழைக்காலக் கொல்கத்தாவில் தோல்பை, செருப்பு, புத்தக அட்டை எதுவும் தப்பாது. நாலு நாள் தொடாமல் வைத்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருக்கும். நாம் ‘பூசணம் பூத்துவிட்டது’ என்போம். செடிக்குள்ளிருந்து பூ வருவதுபோல அந்தப் பொருளுக்குள்ளிருந்தே பூசணமும் வந்ததாக அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. தேநீரை ஊற்றிக்கொண்டு இந்த ஒரு நினைப்பை மட்டும் பிரித்துப் பார்ப்போம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் பெரிய அறிஞர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்.

பூசணம் ஒரு பூஞ்சை. பூஞ்சையின் உடல் இழை இழையாக இருக்கும். நூல்கண்டு பிரிந்து சோற்றுக்குள் ஓடுவதுபோல அது உணவுக்குள் ஓடும். இனம் பெருக்க அது ஒரு நுண்பொடியை உதிர்க்கிறது. இதற்கு ஸ்போர் என்று பெயர். வேலையில் விதையைப் போன்றது, ஆனால் ஒன்றொன்றாகக் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் குழப்பம். விதைத்தவர் யாரையும் காணோம், பயிர் மட்டும் நிற்கிறது. அப்படியானால் அழுகல்தானே அதைப் பெற்றிருக்க வேண்டும்? கோதுமையில் கரிப்பூட்டை நோய் வந்தால், நோயுற்ற செடியின் சாறு கெட்டு அந்தக் கரும்பொடியாகிறது என்றே பலர் சொன்னார்கள்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் 1831இல் பிறந்த ஆன்டன் டி பாரி இதை மறுத்தார். மருத்துவம் படித்தவர். பட்டம் பெற்ற 1853ஆம் ஆண்டிலேயே, பயிர்நோய்ப் பூஞ்சைகள் நோயின் விளைவு அல்ல, காரணம் என்று நூல் எழுதினார். அயர்லாந்தைப் பட்டினி போட்ட உருளைக்கிழங்கு நோயை எடுத்துக்கொண்டு அவர் செய்த சோதனை நம் வீட்டுத் தோட்டத்திலும் செய்யக்கூடியது. ஆரோக்கியமான செடிகளை ஒரே மாதிரி வளர்த்தார். சிலவற்றின் மீது மட்டும் ஸ்போரைத் தூவினார். தூவியவை கருகின, தூவாதவை பிழைத்தன. ஈரம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஈரம் உழுத வயல், அவ்வளவே. அது விதை ஆகாது. (அந்த உயிரி அசல் பூஞ்சை அல்ல, பழுப்புப் பாசிகளின் உறவு என்று இன்று வகைப்படுத்துகிறார்கள். சோதனையின் வலிமை அதனால் குறையவில்லை.)

அதே 1831இல் பிறந்த இன்னொரு ஜெர்மானியர், யேனா நகரின் எர்ன்ஸ்ட் ஹாலியர். காலரா நோயாளிகளின் கழிவை வளர்த்துப் பார்த்த அவர், அதில் முளைத்த பூஞ்சைதான் காலராவைத் தருகிறது என்றும், அதன் பிறப்பிடம் இந்திய நெற்பயிராக இருக்கலாம் என்றும் 1867இல் அறிவித்தார். அவரது ஏனத்தில் பல வடிவங்கள் தோன்றின. எல்லாம் ஒரே பூஞ்சையின் வேடங்கள் என்றார். வாசலைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளே வந்த அத்தனை பேரும் என் பிள்ளைகள் என்பதுபோல. அவர் நேர்மையானவர்தான். காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நெல் என்றதும் விஷயம் வங்காளத்துக்கு வந்துவிட்டது. திமோத்தி லூயிஸ், டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்ற இரு இளம் ராணுவ மருத்துவர்களைப் பிரிட்டிஷ் அரசு தேர்ந்தெடுத்து, முதலில் ஜெர்மனிக்கு அனுப்பியது. ஹாலியரிடமும் டி பாரியிடமும் பாடம் கேட்டுவிட்டு 1869இல் கல்கத்தா வந்தார்கள். காலராக் கழிவை நுண்ணோக்கியில் தேடிய லூயிஸ், வேறெங்கும் காணாத பூஞ்சை எதுவும் அதில் இல்லை என்று 1870இல் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது கன்னிங்ஹாமின் வேலை. காற்றாடிபோல் திசை திரும்பும் புனல் ஒன்று, அதற்குள் கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டு. கல்கத்தாச் சிறைகளில் அதை வைத்து, நாள்தோறும் ஒட்டியவற்றைப் பார்த்துப் படம் வரைந்து 1873இல் நூலாக்கினார். ஸ்போர்கள் அநேகமாக எப்போதும் இருந்தன, பெரும்பாலானவை முளைக்கும் உயிருடன். ஈரக்காற்றிலும் அவை குறையவில்லை. சிறையில் காலராவும் காய்ச்சலும் கூடிக் குறைந்ததற்கும் இந்த எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. ஹாலியரின் ஏனத்தில் விழுந்தது என்ன என்பதற்கு அந்தக் கண்ணாடித் துண்டே விடை. வங்காளிகள் பூசணத்தைக் குடை என்கிறார்கள். அது ‘விழுந்துவிட்டது’ என்பது அவர்கள் வழக்கு. நம் சொல்லைவிட அது உண்மைக்கு நெருக்கம்.

1883 டிசம்பரில் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தா வந்து, காலரா நோயாளிகளின் குடலில் காற்புள்ளி வடிவ பாக்டீரியாவைக் காட்டினார். கன்னிங்ஹாம் நம்பவில்லை. கோக்கால் எந்த விலங்குக்கும் அதைக் கொடுத்துக் காலராவை வரவழைக்க முடியவில்லை. தூவிப் பார்த்து முளைத்ததா என்ற டி பாரியின் கேள்வி அங்கே பதிலின்றி நின்றது. கோக்கின் கையில் சான்றாக இருந்தது கல்கத்தாவின் பேலியாகாட்டாப் பகுதியில் ஒரு குளம். அதில் குளித்து, அதையே குடித்தவர்களிடையே காலரா பரவியபோது அந்தத் தண்ணீரிலும் அதே பாக்டீரியா இருந்தது. நோய் தணியத் தணிய, தண்ணீரிலும் அது அருகிப்போனது.