வாய் திறவாத வலி

நமக்கு ஒரு பல்வலி வந்தால் போதும், வீடே அமர்க்களப்படும். கிராம்பு எங்கே, வெந்நீர் எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். நாய்க்கு வலித்தால் முனகும். பூனைக்கு வலித்தால் சீறும். முயலுக்கு வலித்தால்? மூலையில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் உண்டு. காட்டில் நரிக்கும் கழுகுக்கும் இரையாகும் பிராணி அது. நொண்டுகிற முயல்தான் முதலில் கண்ணில் படும், முதலில் பிடிபடும். ஆகவே வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து கொத்தமல்லித் தழை தின்னப் பழகிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

இதனால்தான், “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!” என்று அரற்றிக்கொண்டு டாக்டரிடம் கொண்டுபோகும்போது, பல சமயம் வியாதி முற்றியிருக்கிறது. பல்லின் வேரில் சீழ்க்கட்டி, மூட்டுவாதம், சிறுநீர்ப்பையில் கல், வயதான பெண் முயலானால் கருப்பையில் புற்றுநோய்: முயலை வாட்டும் பெரிய நோய்கள் இவை. சில குணமாகும், சில குணமாகா. குணமானாலும் ஆகாவிட்டாலும், வலியைத் தணிக்கத்தான் வேண்டும். முயலின் விஷயத்தில் அது வைத்தியத்திலேயே சரிபாதி.

எப்படி என்கிறீர்களா? முயலின் குடல் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். வலி வந்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் நிற்கும். குடல் நின்றால் உள்ளே வாயு சேரும். அதனால் வலி இன்னும் கூடும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. இந்தச் சுழலில் சிக்கிக்கொண்டால், மூல வியாதி கொல்வதற்கு முன்னால் பட்டினியே கொன்றுவிடும். அரை நாள் தீனி தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால், “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

முகத்தைப் படியுங்கள்

முயலின் வலியை அதன் முகத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று 2012-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. முயலின் காதில் பச்சை குத்தும்போது அதன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து, ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். கண் இடுங்கும். கன்னம் ஒட்டும். வட்டமாக இருக்கும் மூக்கு கூராகும். மீசை விறைக்கும். காது பின்னுக்கு மடங்கி முதுகோடு ஒட்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டு, வலி எவ்வளவு என்று கணிக்கிறார்கள்.

இவற்றோடு இன்னும் சில உண்டு. சந்தோஷமாகத் தடவிக்கொடுக்கும்போது முயல் பல்லை மெல்ல உரசும். வலியில் நறநறவென்று உரக்கக் கடிக்கும். முதுகைக் கூனிக்கொள்ளும். வயிற்றைத் தரையில் அழுத்தும். புழுக்கை சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும். இந்தச் சின்ன மாறுதல்களை யார் முதலில் கவனிப்பார்கள்? தினமும் தீனி போட்டுக் கூண்டைத் துடைக்கிறவர்கள்தான். அநேக வீடுகளில் அந்த வேலை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

அலமாரி மாத்திரை வேண்டாம்

“பாவம், வாயில்லா ஜீவன்! நமக்குக் கொடுக்கிற மாத்திரையில் கால் துண்டு உடைத்துக் கொடுத்தால் என்ன?” என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். இரண்டு கிலோ எடையுள்ள பிராணிக்கு அந்தக் கால் துண்டே வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கோளாறையும் உண்டாக்கிவிடலாம்.

முயலுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது மெலாக்சிகாம் என்ற மருந்து. வீக்கத்தையும் அதனால் வரும் வலியையும் அது தணிக்கிறது. நம் நாட்டில் இம்மருந்துக்கு ஒரு கதையே உண்டு. மாடுகளுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் அரசாங்கம் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தபோது, அதற்கு மாற்றாகக் கைகொடுத்தது மெலாக்சிகாம்தான்.

இது திரவமாகவும் கிடைப்பதால் கொடுப்பது சுலபம். ஆனால் நாய்க்கென்று புட்டியில் அச்சிட்ட அளவை வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடாதீர்கள். முயலின் உடம்பு இம்மருந்தை வேறு வேகத்தில் செலவழிப்பதால் அளவும் வேறு. உடம்பில் நீர் வற்றியிருந்தாலோ சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ, டாக்டர் மருந்தையே மாற்றக்கூடும். ஸ்டீராய்டு மருந்து ஏதாவது கொடுத்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகும்.

வலி கடுமையானால் ப்யூப்ரெனார்ஃபின் போன்ற, அபின் வகையைச் சேர்ந்த மருந்தை டாக்டர் ஊசியாகப் போடுவார். இரண்டு விதமான மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. எதுவானாலும் நேரம் தவறாமல் கொடுப்பது முக்கியம். “இன்றைக்குத் தெம்பாக இருக்கிறதே” என்று ஒரு வேளையை விட்டுவிட்டால், அடங்கிய வலி மறுபடி தலைதூக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகளை அவை அழித்துவிடும். முயல் பிழைப்பது அரிது.

வீட்டுப் பணிவிடை

மருந்து கொடுக்கும்போது முயலை மல்லாத்தாதீர்கள். மேஜைமேல் ஒரு துண்டைப் போட்டு அதில் சுற்றி உட்கார வைத்து, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சை வாயின் பக்கவாட்டில் நுழைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். அவசரப்பட்டால் புரையேறும். தானாகத் தின்னாத முயலுக்கு, தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, குழந்தைக்குக் கூழ் ஊட்டுவதுபோல் இதே முறையில் கொடுக்கலாம். வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தால் மட்டும் ஊட்டாதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள்.

மொசைக் தரையில் வலியுள்ள கால் வழுக்கும். பழைய போர்வையை விரியுங்கள். புல்லும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெயிலடிக்காத மூலையாக இருக்கட்டும். பின்பக்கம் நனைந்து கிடந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். தினம் இரு வேளை பார்த்துத் துடையுங்கள். கூட ஒரு முயல் இருந்தால் பிரிக்காதீர்கள். நோயாளிக்கு அதைவிட ஆறுதல் ஏது?

பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மருந்து கொடுத்த மணி, தின்ற அளவு, புழுக்கை, எடை. நாலு நாள் எழுதினால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

கடைசிக் கேள்வி

அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. குணமாகாத நோயில், என்ன மருந்து கொடுத்தும் வலி அடங்காத நாள் ஒன்று வரலாம். பிடித்த தழையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தன் முகத்தைத் தானே துடைத்துக்கொள்ளாது. நோட்டில் நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் அதிகமாகும். அப்போது, “இன்னும் இருக்கட்டுமே” என்று நாம் ஆசைப்படுவது அதற்காகவா, நமக்காகவா என்று யோசிக்க வேண்டும். டாக்டரிடம் மனம் விட்டுக் கேளுங்கள். முதலில் மயக்க மருந்து கொடுத்து, பிறகு ஊசி போட்டு, நோகாமல் அனுப்பிவைக்க அவரால் முடியும்.

குழந்தைகளிடம் “தூங்கிவிட்டது” என்று சொல்லாதீர்கள். இரவில் தூங்கவே அவை பயப்படும். “உடம்பு மிகவும் வலித்தது, வலியில்லாமல் போக உதவினோம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும். கடைசிவரை நீங்கள் எழுந்து எழுந்து பார்த்ததை அவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?