ஃப்ரீசரில் ஐஸ் கட்டலையா? கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட்டை செக் பண்ணுங்க!

செட்டிநாட்டு வீடுகளில் மிஞ்சிய ஆட்டுக்கறியை உப்பு, மஞ்சள் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவது பழைய வழக்கம். இன்று காரைக்குடியில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஃப்ரீசர்தான் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டனும், தொண்டி பக்கமிருந்து வரும் மீனும் அதற்குள்தான் இருக்கும்.

அது மக்கர் பண்ணினால் பல வீடுகளில் முதலில் வரும் சந்தேகம், 'கேஸ் போயிடுச்சோ?' என்பதுதான். ஆனால் கேஸ் நிரப்புவதைவிட குறைந்த செலவில் மாற்றக்கூடிய தெர்மோஸ்டாட்கூட காரணமாக இருக்கலாம்.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது?

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் நாம் திருப்பும் நாப்-க்குப் பின்னால் இருப்பதுதான் தெர்மோஸ்டாட். அதிலிருந்து கேஸ் அடைத்த மெல்லிய குழாய் ஒன்று ஃப்ரீசர் வரை போகும். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் கேஸ் விரிந்து சுவிட்சைத் தட்டும், கம்ப்ரசர் ஓடும். குளிர்ந்ததும் சுருங்கும், கம்ப்ரசர் நிற்கும். ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது.

பிரச்னை எங்கே? இப்படி கண்டுபிடிங்க

* லைட் எரியுது, கம்ப்ரசர் சத்தமே இல்லை: தெர்மோஸ்டாட், ரிலே, ஓவர்லோட் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.
* கம்ப்ரசர் நிற்காமல் ஓடுது, கீழ்த்தட்டு காய்கறியும் உறையுது: தெர்மோஸ்டாட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அந்த மெல்லிய குழாய் இடம் மாறியிருக்கலாம்.
* கம்ப்ரசர் நிற்காமல் ஓடுது, குளிரே இல்லை: இங்கேதான் கேஸ் கசிவையோ, கம்ப்ரசர் கோளாறையோ சந்தேகிக்க வேண்டும்.
* சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' சத்தம், உறுமல், மறுபடி அமைதி: லோ வோல்டேஜ் அல்லது ரிலே கோளாறாக இருக்கலாம்.

மெக்கானிக்கை கூப்பிடும் முன்

1. நாப் நடுவே உள்ள டீஃப்ராஸ்ட் பட்டன் உள்ளே அமுங்கி நின்றுவிட்டதா என்று பாருங்கள். அது உள்ளே இருக்கும்வரை கம்ப்ரசர் ஓடாது.
2. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் காற்று கசிகிறது.
3. கால் அங்குலத்துக்கு மேல் ஐஸ் படிந்திருந்தால் அணைத்துவிட்டு கரைய விடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம்.
4. நாப்-ஐ ஆஃப் செய்து 5 நிமிடம் கழித்து அதிகபட்சத்துக்கு திருப்புங்கள். ஃப்ரீசர் சூடாக இருந்தும் கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால் தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் வலுக்கும்.

உறுதி செய்வது எப்படி?

பிளக்கை பிடுங்கிவிட்டு, தெர்மோஸ்டாட் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார் மெக்கானிக். ஃப்ரீசர் சூடாக இருக்கும்போது, நாப் அதிகபட்சத்தில் இருந்தும் இணைப்பு காட்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் போச்சு. இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லலாம். பழகாதவர்கள் வயரில் கை வைக்க வேண்டாம். புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் நாப் தெர்மோஸ்டாட்டுக்கு பதிலாக பெரும்பாலும் சென்சாரும் சர்க்யூட் போர்டும் இருக்கும். அவற்றுக்கு சோதனை முறை வேறு.

தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு வயரை நேரடியாக இணைத்து ஓட்டுவது நிரந்தரத் தீர்வு அல்ல. கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும், கரண்ட் பில்லும் எகிறும்.

உள்ளே இருக்கும் கறி, மீன்?

கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். கறியில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுவதும் உருகி, குளிர் விட்டு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், வாசனை நன்றாகவே இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.