வார இறுதிக் காட்டுப் பயிற்சி: முன்பணம் கட்டும் முன் ஒரு கடிதத்தைக் கேளுங்கள்

வெள்ளி இரவு பஸ், சனிக்கிழமை விடியலில் மலையடிவாரம். டென்ட் அடிப்பது, தீ மூட்டுவது, காம்பஸ் பார்ப்பது, கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்குவது என்று இரண்டு நாள் நேரடிப் பயிற்சி. ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்ற வரி விளம்பரத்தில் கட்டாயம் இருக்கும். ஞாயிறு இரவு வீடு, திங்கட்கிழமை ஆபீஸ். சென்னை, கோவை, பெங்களூரு இளைஞர்களிடம் இந்த வார இறுதி வகுப்புகளுக்கு நல்ல கிராக்கி.

கற்றுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் பணம் கட்டுகிறவர்கள் எந்த ஷூ வாங்கலாம், சாப்பாடு சைவமா அசைவமா என்று நூறு கேள்வி கேட்கிறார்கள். வனத்துறை அனுமதி எங்கே என்று கேட்பவர் அபூர்வம். கால் முறிந்து வீடு திரும்பியபின், அமைப்பாளர் ஜி-பேயில் திருப்பி அனுப்பும் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். கேட்க வேண்டியதை முன்னால் கேட்பதில்லை. எடுக்க வேண்டிய காகிதத்தைப் பின்னாலும் எடுப்பதில்லை.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் இரண்டு குழுக்களாகப் போனவர்கள். பலர் மலைக்குப் புதியவர்கள். கோடையின் தொடக்கம், காய்ந்த புல், மேல்நோக்கிப் பாயும் தீ. அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இருந்ததா என்ற கேள்வி, உயிர்கள் போன பிறகுதான் எழுந்தது. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற அரசுத் திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு, உள்ளூர் மக்களிலிருந்தும் பழங்குடியினரிலிருந்தும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்று ஓர் ஒழுங்கு அதில் இருக்கிறது. 2025-இல் தீக்காலத்தை முன்னிட்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்தப் பாதைகள் மூடப்பட்டன. அரசே பாதைகளை மூடும் பருவத்தில் ஒரு தனியார் அமைப்பு ‘மார்ச் ஸ்பெஷல் கேம்ப்’ என்று அழைத்தால், சந்தேகப்பட அதுவே போதும்.

இப்போது அந்த அனுமதிக் கடிதத்துக்கு வருவோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அமைப்பாளரை மட்டும்தான் பிடிப்பார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் அத்துமீறியவர்தான். பணம் கட்டி வந்தேன், எனக்கொன்றும் தெரியாது என்பது அங்கே எடுபடாது.

அனுமதி என்பது மாவட்ட வன அலுவலகம் அல்லது புலிகள் காப்பக அலுவலகம் வழியாக எழுத்தில் வருவது. அதில் கோப்பின் ந.க. எண், தேதி, எங்கிருந்து எங்கு வரை என்ற பாதை, எத்தனை பேர், அலுவலக முத்திரை இவ்வளவும் இருக்க வேண்டும். ‘ரேஞ்சர்கிட்ட சொல்லியாச்சு’, ‘வாட்சர் நம்ம ஆளுதான்’ என்பதெல்லாம் அனுமதி ஆகாது. கடிதத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் சம்பந்தப்பட்ட வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போட்டு, ந.க. எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. கடிதத்தில் ஒரு பாதை, நேரில் வேறு பாதை என்றால் அந்தக் கடிதத்தால் பயனில்லை. 15 பேருக்கு வாங்கிவிட்டு 40 பேரைக் கூட்டிப் போனாலும் அப்படித்தான்.

‘எங்கள் கேம்ப் பட்டா நிலத்தில், வன அனுமதி தேவையில்லை’ என்ற பதிலும் வரும். பட்டா நிலமாகவே இருக்கலாம். அந்த நிலம் காட்டை ஒட்டியிருந்தால் யானைக்குப் பட்டா தெரியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே ஒரு தனியார் விடுதியின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். அங்கே டென்ட் போட உரிமம் இல்லை என்பது அதன்பின் அதிகாரிகள் சொன்ன செய்தி. தமிழகத்தில் சாகசச் சுற்றுலாவும் முகாமும் நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது அறிக்கை விடுகிறார்கள். அறிக்கை விட்ட கையோடு போய்ப் பார்க்கிறார்களா என்பது வேறு கதை. பட்டா நிலம் என்று சொல்பவரிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள்; மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கத்தி விஷயத்தில் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். காட்டு வாழ்க்கைப் பயிற்சி என்றாலே விறகு சீவ, குச்சி செதுக்க ஆளுக்கொரு கத்தி கொண்டுவரச் சொல்வார்கள். வன உயிரினச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதன் விளக்கத்துக்குள் கத்தியும் அடக்கம். எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது 31-ஆவது பிரிவு. தீ வைப்பதற்குத் தனிப் பிரிவு. அங்கிருந்து செடி, காய், கிழங்கு எடுத்து ‘காட்டுணவு’ சமைத்துக் காட்டுவதும் சிக்கல்தான். கேம்ப் ஃபயர் இல்லாமல் என்ன கேம்ப் என்று கேட்பவர்கள், குரங்கணியில் எரிந்தது காய்ந்த புல் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

சொல்லித்தருபவர் யார்? உத்தரகாசியின் நேரு மலையேற்றக் கழகம், டார்ஜிலிங்கின் இமயமலை மலையேற்றக் கழகம் போன்றவற்றில் அடிப்படைப் படிப்பே கிட்டத்தட்ட ஒரு மாதம் நடக்கும். மற்றவர்களுக்குச் சொல்லித்தர அதற்குமேல் தனிப் படிப்பு உண்டு. ‘பத்து வருஷமா மலை ஏறுறேன்’ என்பது அனுபவம். அதைத் தகுதிச் சான்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சியாளரின் சான்றிதழையும் முதலுதவிச் சான்றிதழையும் கேட்பதில் கூச்சம் எதற்கு?

கயிற்றில் இறங்கும் பயிற்சியில் புதியவரே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சில விஷயங்கள் உண்டு. கயிறு ஒரே ஒரு மரத்திலோ பாறையிலோ மட்டும் கட்டப்பட்டிருக்கிறதா, ஒன்று விட்டால் தாங்க இன்னொரு பிடிமானம் இருக்கிறதா? இறங்கும் கயிறு தவிர, மேலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு தனியாக இருக்கிறதா? இடுப்பு வாரில் மாட்டும் உலோகக் கொக்கியின் திருகு முழுக்க மூடியிருக்கிறதா? தலையில் ஹெல்மெட் இருக்கிறதா? இதில் ஒன்று இல்லையென்றாலும் இறங்காதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கேலி செய்தால் செய்யட்டும்.

பாம்புக்கடியைப் பற்றி இந்த வகுப்புகளில் சொல்லித்தரப்படும் அபத்தங்களுக்கு அளவில்லை. கீறி ரத்தத்தை வெளியேற்றுவது, வாயால் உறிஞ்சுவது, துணியை இறுக்கிக் கட்டுவது மூன்றும் ஆபத்து. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அங்கே கொண்டுசேர்ப்பதுதான் முதலுதவி. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. டென்ட்டின் ஜிப்பை முழுக்க மூடச் சொல்வது இதற்காகத்தான். முகாமிலிருந்து மிக அருகில் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, போய்ச் சேர எவ்வளவு நேரம், இரவில் வண்டி நிற்குமா? இந்த மூன்றுக்கும் சட்டென்று பதில் சொல்ல முடியாத அமைப்பாளரோடு போகக் கூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் 108 உங்கள் குரலைக் கேட்காது.

பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு படிவம் நீட்டுவார்கள்: ‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன், எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல.’ கையெழுத்துப் போட்டாயிற்று, இனி வழக்கே போட முடியாது என்று நினைத்து முடங்கிவிட்டவர்கள் ஏராளம். அது தவறான எண்ணம். மலையில் இயல்பாக உள்ள ஆபத்தை அறிந்தே வந்தீர்கள் என்பதற்கு அது சான்றாகலாம். அமைப்பாளரின் அலட்சியத்துக்கு அது கவசமாகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அலட்சியத்தைச் சேவைக் குறைபாடு என்கிறது. சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அப்படியே சொல்கிறது. அனுமதி இல்லாததை மறைத்துக் கூட்டிப்போனது அதில் அடங்கும் என்று வாதிடலாம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. முழுக்க இலவசமாகத் தரப்படும் சேவை இந்தச் சட்டத்துக்குள் வராது. ‘நாங்கள் கம்பெனி இல்லை, நண்பர்கள் குழு, செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்’ என்று சொல்லித் தனிநபர் எண்ணுக்குப் பணம் வாங்குகிற குழுக்கள் பின்னால் இந்த வாசல் வழியாகத்தான் நழுவும். எனவே எதற்காகப் பணம் என்று எழுதிய ரசீதை வாங்குங்கள். ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை.

சரி, விபத்து நடந்துவிட்டது. மருத்துவமனையில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எங்கே, எந்தப் பயிற்சியில், யார் நடத்தியது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். அடுத்து போலீஸ். மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது நம் ஸ்டேஷன்களின் வாடிக்கை, அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரப்படுத்தி வைப்பது நம் மக்களின் வாடிக்கை. சி.எஸ்.ஆர். என்பது மனு கிடைத்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். என்பது வழக்குப் பதிவு. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு. காயம் என்றால் 125. ‘எங்க லிமிட் இல்ல, மலைக்கு மேல இருக்கிற ஸ்டேஷனுக்குப் போங்க’ என்று விரட்டுவது சட்டப்படி செல்லாது. எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்ய வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

அடுத்தது யாரும் செய்யாத, ஆனால் வழக்கையே தீர்மானிக்கக்கூடிய வேலை. மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. வெள்ளைத்தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டே கேள்வி: ‘இந்தத் தேதியில், இந்தச் சரகத்தில், இந்தப் பாதைக்கு, இந்த அமைப்புக்கு மலையேற்ற அனுமதி வழங்கப்பட்டதா? வழங்கியிருந்தால் ஆணையின் நகல் தருக.’ பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘வழங்கப்படவில்லை’ என்று ஒரு வரி முத்திரையோடு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு பேசினாலும் அந்த வரியை அழிக்க முடியாது.

இவற்றோடு பணம் அனுப்பிய விவரம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்ஆப் உரையாடல், ஆஸ்பத்திரி பில். குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கோபத்தில் அழித்துவிட்டு ஆதாரம் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழிக்காதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள்.

பிறகு இழப்பீடு கேட்டு ஒரு நோட்டீஸ். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சம்பவம் தேனியில் நடந்து, நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும், தாம்பரத்தில் குடியிருப்பவர் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை; வார இறுதி வகுப்பு எதுவும் அதைத் தாண்டாது. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், தவறினால் இன்னும் 15 நாள், அதற்குமேல் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் மட்டும் இருக்கிறது. நடைமுறையில் வாய்தாவுக்குத் தயாராகப் போங்கள். படிவத்தில் உள்ள ஒருதலையான ஒப்பந்த விதியே செல்லாது என்று கேட்பதென்றால் மாநில ஆணையம். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையம் போதும்.

சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். ‘பேசிட்டிருக்கோம், செட்டில் பண்ணிடுவோம்’ என்று அமைப்பாளர் இழுத்தடிப்பது இந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான். வழி தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கு இலவச சட்ட உதவி கிடைக்கும்.