ஒரு கண்ணோடு ஆடிய தாக்குதல் ஆட்டக்காரர்: வில்லி ஓரீ

ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? பிறந்த ஆண்டு, ஆடிய அணி, வாங்கிய விருது என்று வரிசையாக அடுக்கி முடிச்சிடுறாங்க. அப்படி அடுக்கினால் எதுவுமே தேறாத ஒருவரை இந்த முறை எடுத்துக்கொள்வோம். கனடாவைச் சேர்ந்த வில்லி ஓரீ. ஐஸ் ஹாக்கியின் உச்ச அரங்கான என்.எச்.எல். லீக்கில் அவர் ஆடியது 45 ஆட்டங்கள்தான். போட்டது 4 கோல். அடுத்தவர் கோல் போட உதவியது 10 முறை. கணக்கை மட்டும் பார்த்தால் பெயர்கூட நினைவில் நிற்காது. ஆனால், 2018-இல் அவரை ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள். ஏன்?

அதற்கு முதலில் ஆட்டம் புரியணும். நாம் பள்ளியில் ஆடும் ஹாக்கிக்குத் திடலும் பந்தும் போதும். இதற்குத் தரை பனிக்கட்டி. காலில் கத்தி பொருத்திய ஸ்கேட்டிங் காலணி. பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிப்பு, ஏறக்குறைய 170 கிராம் எடை. வேகமாக அடித்தால் கல் மாதிரி வந்து விழும். ஆடுகளம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். உடம்பால் இடித்து எதிராளியைத் தடுக்கலாம், விதியே அனுமதிக்கிறது.

ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். கோல் காவலர் ஒருவர், தற்காப்பு ஆட்டக்காரர் இருவர், தாக்குதல் ஆட்டக்காரர் மூவர். அந்த மூவரில் ஒருவர் நடுவில்; மற்ற இருவர் இடது விங், வலது விங். ஓரீ இடது விங். அதாவது இடப்பக்கச் சுவரை ஒட்டி ஓடுபவர். அப்படியானால் பக், சக ஆட்டக்காரர், இடிக்க வரும் எதிராளி எல்லாமே பெரும்பாலும் அவருக்கு எந்தப் பக்கம்? வலப்பக்கம். இதை மனசுல வச்சுக்கோங்க.

1935-இல் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் ஃபிரெடரிக்டன் நகரில், 13 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஓரீ. 1955-56 பருவத்தில், இளையோர் லீக்கில் ஆடும்போது ஒரு பக் பறந்து வந்து வலது கண்ணில் அடித்தது. அந்தக் கண்ணின் பார்வையில் 95 விழுக்காடு போய்விட்டது. இனி ஹாக்கி ஆட முடியாது என்றார் மருத்துவர். சில வாரங்களிலேயே ஓரீ மறுபடியும் பனித்தரையில் இறங்கிவிட்டார்.

ஒரு கண் தெரியாதவர் என்.எச்.எல்.லில் ஆடக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் அதோடு கதை முடிந்தது. தங்கள் குடும்பத்தில் ஒரு சகோதரியிடம் மட்டும் சொன்னார். அணியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாணவர்கள் கட்டுரையில் இந்த இடத்தை 'தன்னம்பிக்கை' என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுவார்கள். தாண்ட விடாதீங்க. அந்த விதி ஆட்டக்காரரின் பாதுகாப்புக்காகத்தான் இருந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணும் போயிருக்கலாம். மறைத்தது சரியா, தவறா? வகுப்பில் விவாதிக்க நல்ல தலைப்பு. என்னைக் கேட்டால், அவர் எடுத்த ஆபத்து அவருடைய உடம்போடு நின்றதால் நான் அவர் பக்கம்தான். உங்கள் மாணவர்கள் வேறு மாதிரி நினைத்தாலும் தப்பில்லை.

1958 ஜனவரி 18. மாண்ட்ரியல் நகரில், உள்ளூர் கனடியன்ஸ் அணிக்கு எதிராக போஸ்டன் புரூயின்ஸ் அணியின் சட்டையில் 22 வயது ஓரீ இறங்கினார். என்.எச்.எல்.லில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். போஸ்டன் 3-0 என வென்றது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது 2 ஆட்டம் மட்டும். அப்போது லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் இடம். மீதி 43 ஆட்டங்கள் 1960-61 பருவத்தில் வந்தன. 1961 புத்தாண்டு நாளில் போஸ்டனில் தன் முதல் கோலைப் போட்டார். 3-2 என முடிந்த அந்த ஆட்டத்தில் வெற்றிக் கோலும் அதுவே.

ஆனால், எல்லா ஊரிலும் கைத்தட்டல் இல்லை. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், பொருள்களை வீசினார்கள். சிக்காகோவில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் நிறத்தை இழிவாகப் பேசி, ஹாக்கி மட்டையின் முனையால் குத்தியதில் முன்பற்கள் உடைந்தன. கனடாவைவிட அமெரிக்க நகரங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்று ஓரீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். இது அவருக்குப் புதிதும் அல்ல. 1956-இல் பேஸ்பால் தேர்வுக்காக ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனபோது, வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர். தேர்வாகாமல் திரும்பும்போது பேருந்தின் பின்வரிசையில்தான் உட்கார முடிந்தது. பேருந்து வடக்கே போகப் போக இருக்கை மாறி மாறி முன்னால் வந்தார்.

1961-இல் போஸ்டன் அவரை மாண்ட்ரியலுக்கு விட்டுக்கொடுத்தது. ஆட்டக்காரர்கள் குவிந்து கிடந்த மாண்ட்ரியலில் அவருக்கு இடமில்லை. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் அணிக்கு, அதாவது ஒரு படி கீழே இருந்த மேற்கு ஹாக்கி லீக்குக்குப் போனார்.

இப்போது மனசுல வச்சிருக்கச் சொன்னதை எடுங்க. இடது விங்கில் ஆட்டம் முழுக்க வலப்பக்கம். ஓரீக்கோ வலது கண் தெரியாது. பக்கைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுசாகத் திருப்பணும். வகுப்பில் செய்து பாருங்க: மாணவர் ஒருவரை இடது சுவரோரம் நிறுத்தி, வலது கண்ணை மூடச் சொல்லி, நடுவிலிருந்து ஒரு பேப்பர் உருண்டையை எறியுங்க. நின்ற இடத்திலேயே பிடிப்பது கஷ்டம். பாய்ந்து ஓடும்போது?

லாஸ் ஏஞ்சலஸ் பயிற்றுநர் ஓரீயை வலது விங்குக்கு மாற்றினார். சுவர் இப்போது தெரியாத கண் பக்கம். ஆட்டம் தெரிகிற கண் பக்கம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓரீ இடப்பக்கமாக மட்டையைப் பிடித்து அடிப்பவர். வலது சுவரை ஒட்டி வரும் பக்கை மட்டையின் பின்புறத்தால் வாங்கப் பழக வேண்டியிருந்தது. பழகினார். நான்கு பருவங்களில் 30 அல்லது அதற்கு மேல் கோல்கள். 1964-65-இலும், சான் டியாகோ கல்ஸ் அணிக்கு மாறிய பின் 1968-69-இலும் தலா 38. லீக் கீழ்நிலை என்பதால் 4 கோலையும் 38 கோலையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்த 4 என்ற எண்ணுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்க.

1967-இல் என்.எச்.எல். 12 அணிகளாகப் பெருகியது. முப்பதைத் தாண்டிவிட்ட ஓரீயை யாரும் அழைக்கவில்லை. அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் மைக் மார்சன் அந்த லீக்குக்குள் வந்தது 1974-இல். நடுவே 13 ஆண்டுகள் ஒருவர்கூட இல்லை. ஓரீ 1979 வரை, 43 வயதுவரை ஆடினார். அதன்பின் பாதுகாவலர் வேலையும் பார்த்திருக்கிறார். 1998-இல்தான் என்.எச்.எல். அவரைத் திரும்ப அழைத்து, எல்லா இனப் பிள்ளைகளையும் ஹாக்கிக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் கொடுத்தது. புகழ் மண்டபத்திலும் 'ஆட்டக்காரர்' பிரிவில் அல்ல, ஆட்டத்தை வளர்த்தவர்களுக்கான பிரிவில்தான் சேர்த்தார்கள்.

2022 ஜனவரி 18, முதல் ஆட்டம் ஆடி 64 ஆண்டுகள் கழித்து, போஸ்டன் அணி அவருடைய 22ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என அறிவித்து அரங்கின் கூரையில் ஏற்றியது. பெருந்தொற்றுக் காலம், 86 வயது ஓரீ சான் டியாகோ வீட்டிலிருந்து காணொளி வழியாகக் கலந்துகொண்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இதைக் கருத்துணர்தல் பகுதியாகப் பயன்படுத்தினால், 'ஓரீ எந்த ஆண்டு பிறந்தார்?' என்று கேட்காதீங்க. 'லாஸ் ஏஞ்சலசுக்குப் போனபின் அவருடைய கோல் எண்ணிக்கை கூடியதற்குக் காரணங்கள் யாவை?' என்று கேளுங்க. குறைந்தது இரண்டு காரணம் எழுதினால்தான் முழு மதிப்பெண்.